பூ கட்டும் நூல்

டீ ஆறுகிறது கிஷோர், முதலில் குடி. கடை டீ குடித்துப் பழகிய வாய்க்கு நம் வீட்டு எருமைப்பால் டீ கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். அந்தக் குழாயைக் கீழே வை. அதில் நூல் கட்டியது யார் என்று யாமினி சிஸ்டர் சாவு வீட்டில் எல்லார் எதிரிலும் கேட்டாள். நீயும் காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாய். நான்தான் கட்டினேன். பூ கட்டுகிற நூல். ஏன் என்று சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

உன் நைனா உன்னை வாசல் மிதிக்காதே என்றது, நீ கம்பெனி வேலைக்குப் போன கோபத்தில். ஸ்ரீ சிட்டி வேலைக்கு வழி காட்டியதே உன் அத்தை சந்திரம்மாதான் என்று காளஹஸ்தி வீட்டோடும் பேச்சை முறித்துக்கொண்டார், என்னையும் பேசவிடவில்லை. பிறகு கம்பெனியில் ஆள் குறைத்தார்கள் என்று காதில் விழுந்தது. நான் அந்தக் கேட் வரைக்கும் போனேன். “ஆ பேட்ச் வெள்ளிப்போயிந்தம்மா” என்றான் வாட்ச்மேன். அந்த பேட்ச் போய்விட்டதாம், எங்கே போனது என்று அவனுக்கும் தெரியவில்லை. உன் போன் அணைந்தே கிடந்தது. நீ உயிரோடு இருக்கிறாயா என்பதுகூடத் தெரியாமல் நான் களையெடுத்தேன், சோறாக்கினேன், தின்றேன். வெளியில் பார்த்தவர்களுக்கு நான் நன்றாகத்தான் இருந்தேன். உள்ளே பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

அதற்குள் நைனாவுக்கு அடிவயிற்றில் கட்டி. எலும்பு வரைக்கும் பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று திருப்பதியில் சொல்லிவிட்டார்கள். மூத்திரம் போகக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். யாமினி சிஸ்டர் ஆஸ்பத்திரி வேனில் வந்து பார்த்துப் போவாள். நல்ல பெண். முதல் நாளே எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

“அம்மா, ட்யூப் மடங்காம பாத்துக்கோ. மடங்குச்சின்னா மூத்திரம் கட்டிக்கும், ஆள் கலங்கிப்பூடுவாரு. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பேய் புட்ச்ச மாரி பேசுவாரு. அது நோவும்மா. உடனே எனக்கு போன் பண்ணு.”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தால், குழாய் அவர் தொடைக்கடியில் மாட்டி மடங்கிக் கிடக்கிறது. அவர் கண் கூரையில் நிலைகுத்தி நிற்கிறது. உடம்பெல்லாம் வேர்வை. “கிஷோரு, வரிசைய வுட்டு வெளிய வாடா. அத்தினி பேரும் வெள்ளச் சட்ட. கதவ மூடறாங்கடா” என்று கத்துகிறார். இத்தனை நாள் உன் பெயரை வாயில் எடுக்காத மனுஷன். குழாயை நேராக்கினேன். பொழுது சாய்வதற்குள் தெளிந்துவிட்டார். என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் ஞாபகம் இல்லை. உன் பேச்சை எடுத்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நைனாவுக்கு இளவயதில் கெங்கம்மா ஜாத்திரையில் அருள் வரும், உனக்குத் தெரியும். தொலைந்த மாட்டுக்கும் ஓடிப்போன பிள்ளைக்கும் அவரிடம் குறி கேட்டுப் போவார்கள். சாமி இறங்கத் தாமதித்தால் பம்பைக்காரன் விடமாட்டான், காதோரம் வைத்து அடிப்பான். வேப்பிலையால் விளாசுவார்கள். உடம்பு துடிக்கும், மூச்சு முட்டும். முடிந்தபிறகு வலித்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சாமியை அழைக்க ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். பம்பைக்குப் பதிலாக எனக்கு ஒரு நூல் கிடைத்தது.

குழாயை மடித்துக் கட்டுவேன். கற்பூரம் ஏற்றி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, யார் வந்திருக்கிறது என்று முறைப்படி கேட்டுவிட்டுத்தான் உன்னைப் பற்றிக் கேட்பேன். வயிறு கல்லாகும். பல்லைக் கடிப்பார். சுவரிலிருந்து எறும்பு இறங்கி வாய்க்குள் போகிறது என்று அலறுவார், மார்மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அழுவார். அழுகிறது அவர் இல்லை, மேலே வந்ததுதான் அழுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நடுவே உன் பெயர் வரும். அதற்காகக் காத்திருப்பேன்.

ஒருமுறை, “புள்ள தண்ணில கீறான், கழுத்து வரைக்கும் தண்ணி” என்றார். அன்றைக்கு நான் பயந்த பயம் என் சென்மத்தில் பயந்ததில்லை. எந்தத் தண்ணீர், ஆறா, கடலா, எழுந்து வந்தாயா இல்லையா? கேட்காமல் எப்படி இருப்பது? மறுநாளும் கட்டினேன். அவர் தண்ணீரை விட்டுவிட்டு நெருப்பைச் சொன்னார். அதற்கு மறுநாளும் கட்டவேண்டியதாயிற்று. ஒரு கேள்விக்கு விடை கேட்கப்போனால் இன்னொரு பயம் கிடைக்கும். பெற்றவள் அதோடு விட்டுவிடுவாளா, சொல்.

அவிழ்த்ததும் ரத்தமும் மூத்திரமுமாக இறங்கும். துடைத்துவிட்டுக் கஞ்சி ஊட்டுவேன். “எங்கியோ இட்டுகினு போயிட்டாங்க தாட்சு. நீ கிட்டயே இரு, வுட்டுட்டுப் போவாத” என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். இருந்தேன். அவரைவிட்டு நான் எங்கும் போகவில்லை.

முந்தாநாள் காலை சிஸ்டர் வந்து குழாய் மாற்றினாள். மூத்திரத்தில் ரத்தம் வருகிறதே என்று என்னைக் கேட்டாள். நோய் முற்றிவிட்டது போல என்றேன். நான் மாட்டுக்கொட்டகைக்குப் போயிருந்தபோது, யாரையாவது பார்க்க ஆசையா என்று அவரைக் கேட்டிருக்கிறாள். பிள்ளையைப் பார்க்கணும், காளஹஸ்தியில் என் தங்கச்சியைக் கேட்டால் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். அவள் போன் பண்ணினாள், அத்தை உனக்குச் சொன்னாள், நீ வந்துவிட்டாய். ஐதராபாத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறாயாம். தண்ணீரும் இல்லை, நெருப்பும் இல்லை. இதெல்லாம் நேற்றுத்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று உனக்குத் தெரியவேண்டும். சிஸ்டர் வண்டி போனபிறகு நான் நூலை எடுத்தேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டார். நூல் எதற்கென்று எத்தனை நாளாக அவருக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியாது.

“இன்னிக்கு வேணாம் தாட்சு. தல தெளிவா கீது. புள்ள எங்க கீறான்னு நானே சொல்றேன், என்னியே கேளு.”

சொல்லிவிட்டு அழுதார். தெளிந்திருப்பவர் வாயில் வருவது மனுஷ வார்த்தைதானே, ஊசிக்குப் பயந்த பிள்ளை மாதிரி சமாளிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு நூலை இரண்டாகச் சுற்றினேன். சாயங்காலம் வரைக்கும் அவிழ்க்கவில்லை. உன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் போனார், அந்தக் குறை உனக்கு வேண்டாம்.

டீயைக் குடி. அழுகிறது அவர் இல்லை என்று சொன்னேனே, மற்ற நாளுக்கெல்லாம் அது சரி. முந்தாநாள் அவர் அழுதபோது நான் இன்னும் நூலைக் கட்டவே இல்லை, கிஷோர்.