ஒரு சொல் விடாமல்

தேநீருக்கு நன்றி. அதை அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்துவிடுங்கள், நான் வெளியிடங்களில் எதையும் குடிப்பதில்லை. கோப்பையின் விளிம்பில் யாருடைய வாயெல்லாம் பட்டதோ என்ற நினைப்பு வந்துவிட்டால் தொண்டையில் எதுவும் இறங்காது. என் மனைவி சுந்தரேஸ்வரி இதைச் சொல்லிச் சிரிப்பாள். மற்றவர்கள் இதை ஒரு நோய் என்பார்கள். நான் ஒழுக்கம் என்பேன்.

எனக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். ஆனாலும் பொலிசில் தாய்மொழியில் வாக்குமூலம் கொடுக்க எனக்கு உரிமை உண்டு, அதைத்தான் கேட்டேன். பக்கத்தில் இருக்கும் இந்தப் பிள்ளை நன்றாகவே மொழிபெயர்க்கிறார். நான் வேகமாகப் போனால் கையை உயர்த்துங்கள், மகள். முப்பது வருடம் உங்கள் கதிரையில் இருந்தவன் நான். இப்படியான மேசைகளில் நான் எழுத்துத் தமிழ்தான் பேசுவேன், அதுவும் ஒரு பழக்கம்.

இந்தப் பீலெஃபெல்ட் நகரில் என்னைத் தெரியாத தமிழர் இல்லை. சந்திரசேகரன் அண்ணை என்றால் போதும். அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளன், எங்கள் கலைக்கழகத்துக்குத் தலைவன். குடித்துவிட்டு மண்டபத்துக்கு வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கணவனைப் பிரிந்த பெண் எவளையும் எங்கள் மேடையில் குத்துவிளக்கு ஏற்ற விட்டதில்லை. சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் யாரும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை.

போன வருடம் ஆண்டு விழாவுக்குப் பிருந்தன் ஒரு நாடகம் கொண்டுவந்தான். இங்கே பிறந்தவன், பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவன். நானூறு வருடப் பழைய ஆங்கில நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதியிருந்தான். கதை இதுதான். அரசன் ஊரை விட்டுப் போகிறான். அவன் இடத்தில் ஒழுக்கத்துக்குப் பெயர்போன ஒருவன் ஆட்சி செய்ய வருகிறான். கல்யாணத்துக்கு முன் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்கிய இளைஞனுக்கு அவன் மரண தண்டனை விதிக்கிறான். அந்த இளைஞனின் சகோதரி வந்து கெஞ்சுகிறாள். நீ என்னிடம் வந்தால் அவனை விடுகிறேன் என்கிறான் அந்த ஒழுக்கசீலன். இருட்டில் தன்னிடம் வந்தவள் அவள்தான் என்று நம்பிய பிறகும், அந்த இளைஞனின் தலையை வெட்டச் சொல்லிக் கட்டளை அனுப்புகிறான்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒழுக்கம் பேசுகிறவனெல்லாம் உள்ளே அழுகியவன் என்று காட்டுவதில் எழுதுகிறவர்களுக்கு என்ன சுகமோ தெரியவில்லை. அந்தக் காட்சியை எடுத்துவிடு என்றேன்.

“அதை எடுத்தால் என்ன அண்ணை மிஞ்சும்?” என்றான் பிருந்தன். “அந்த ஆளா நீங்கள்தான் நடிக்க வேணும். நீங்கள் மேடையில நிண்டாலே சனம் நம்பும்.”

அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

சகோதரியாக நடிக்க வந்தவள் துஷானி. முதியோர் இல்லத்தில் தாதி. முப்பதைத் தாண்டியவள், மணமாகாதவள், சிறு வயதிலேயே இங்கே வந்து படித்தவள். அவளுக்கு யதுசன் என்று ஒரு தம்பி. அவன் ஊரிலேயே வளர்ந்து, அண்மையில்தான் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்திருந்தான். வந்தவன் அக்கா வீட்டில் அடங்கி இருந்திருக்கலாம். சரளா என்பவளோடு பழகினான். சரளா கணவனை விட்டுவிட்டு வந்தவள், அவனைவிட மூத்தவள். பெரும்பாலும் அவள் வீட்டில்தான் கிடந்தான்.

தலைவன் என்ற முறையில் புத்தி சொல்லப் போனேன். விறாந்தையில் துணி காயப்போடும் கம்பியில் அவனுடைய பனியனும் அவளுடைய உள்ளாடையும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. குழந்தையில்லாத வீட்டில் பால் காய்ச்சும் மணம் வேறு. இருவரும் சிரித்துக்கொண்டே என்னை இருக்கச் சொன்னார்கள்.

“நாங்கள் ஒருத்தருக்கும் கெடுதல் செய்யேல்லை அண்ணை,” என்றான் யதுசன். “வந்ததுக்கு இப்பதான் நித்திரை வருது எனக்கு.”

நித்திரை என்ற அந்தச் சொல்லை அவன் எவ்வளவு கூச்சமில்லாமல் சொன்னான் என்பதை நான் மறக்கவில்லை. நான் இருக்காமலே வந்துவிட்டேன்.

ஒத்திகைகள் தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில் நடந்தன. கெஞ்சும் காட்சியில் துஷானி முழங்காலில் இருந்து என் கையைப் பிடிக்க வேண்டும். அவள் நன்றாகச் செய்தாள். கண்ணில் உண்மையாகவே நீர் வந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். காட்சிக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருக்கலாம். ஒரு தகப்பன் பிடிப்பதுபோலத்தான்.

“அண்ணை, கையை விடுங்கோ,” என்றாள் மெதுவாக.

பிருந்தன் கைதட்டினான், அது நடிப்பு என்று நினைத்து. அன்றிலிருந்து அவள் என்னைக் கண்டால் தள்ளி நிற்கத் தொடங்கினாள். மற்றவர்களோடு பேசிச் சிரிப்பாள், நான் வந்தால் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். அது என்னை அவமதிப்பதாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் பிறகு நடந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கொஞ்ச நாளில் ஒரு அகதி விசாரணைக்கு மொழிபெயர்க்க எனக்கு அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் யதுசன். இவரை உங்களுக்குத் தெரியுமா என்று பெண் அதிகாரி வழக்கம்போலக் கேட்டார். தெரியாது என்றேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் நான் விலகினால் இந்த ஊரில் எனக்கு வேலையே இருக்காது. யதுசன் என்னைக் கண்டு முகம் மலர்ந்தான். நம் ஆள் ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்.

அவன் பேசத் தொடங்கினான். ஊரில் வேனில் வந்தவர்கள் தன்னைக் கொண்டுபோனதை, கட்டி வைத்ததை, உடுப்பைக் கழற்றியதை, அதற்குப் பிறகு அவன் உடம்பில் செய்ததை. ஒரு ஆண்பிள்ளை, ஒரு பெண்ணுக்கு முன்னால், ஒவ்வொன்றாக, பெயர் சொல்லி. இடையில் நிறுத்தித் தண்ணீர் குடித்தான், மறுபடி சொன்னான். எனக்குக் காது கூசியது. இவனா கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டு சிரித்தவன் என்று நினைத்தேன்.

நான் ஜெர்மனில் சொன்னது சில வாக்கியங்கள். அவனை விசாரணைக்கு அழைத்தார்கள், கடுமையாகப் பேசினார்கள், விட்டுவிட்டார்கள், அக்கா இங்கே வசதியாக இருப்பதால் வந்தான்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா என்று கேட்டார்.

எங்கள் ஆட்கள் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்வார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவரிடம் குறை இல்லை, என்னை நம்பினார்.

முடிவில் எழுதியதை விண்ணப்பதாரிக்குத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். சரியென்று அவன் சொன்னால்தான் கையெழுத்து. வாசிப்பதும் மொழிபெயர்த்த அதே ஆள்தான், இங்கே வழக்கம் அப்படி. ஜெர்மனில் இருந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இருந்ததை வாசிக்காமல், யதுசன் சொன்ன எல்லாவற்றையும் அவனுக்குத் தமிழில் சொன்னேன். வேன், கயிறு, உடுப்பு, மீதி எல்லாம். என் ஞாபகசக்தி அப்போதும் நன்றாக இருந்தது. நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். அந்தச் சொற்களைச் சொல்லக் கூசியவன் அப்போது மட்டும் எப்படிச் சொன்னேன் என்று. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான்.

யதுசன் அழுதான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நன்றி அண்ணை. ஒரு சொல் விடேல்லை நீங்கள்.”

கையெழுத்து வைத்தான். நான் போய்க் கையைக் கழுவினேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அவன் நடந்ததைச் சொல்லப் போனால், முதல் நாளே ஏன் சொல்லவில்லை, வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறதே என்று கேட்பார்கள். கூட்டிச் சொல்கிறான் என்பார்கள். எனக்கு இது தெரியும். துஷானிக்கும் தெரிந்துவிட்டது, முடிவை ஜெர்மனில் வாசித்தவள் அவள். ஒத்திகை முடிந்த பிறகு மண்டபத்துக்கு வெளியே என்னிடம் வந்தாள். தள்ளி நிற்கவில்லை இம்முறை.

“அவன் சொன்னது ஒண்டும் அதில இல்லை அண்ணை. பிழை விட்டிட்டன் எண்டு வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதித் தாங்கோ. நாங்கள் உங்களில குற்றம் சொல்ல மாட்டம். அவனை ஊருக்கு ஏத்தினால் அங்க அவன் உயிரோட இருக்க ஏலாது.”

சனிக்கிழமை வீட்டுக்கு வா, பேசிக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். சனிக்கிழமைகளில் சுந்தரேஸ்வரி கெல்சென்கிர்ச்சனில் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். அது துஷானிக்கும் தெரியும்.

அவள் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். நான் அந்த நாடகத்து ஆளைப் போல எதையும் கேட்கவில்லை, இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கெஞ்சும் காட்சியை ஒருமுறை செய்து காட்டு என்று மட்டும் கேட்டேன். ஆண்டு விழா கிட்ட வந்துவிட்டது, ஒத்திகை தேவைதானே. அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு முழங்காலில் இருந்தாள். வசனத்தைச் சொன்னாள். என் கையைப் பிடித்தாள். இன்னொருமுறை என்றேன், செய்தாள். காட்சியைக் கொஞ்சம் நீட்டினேன், அவள் மறுக்கவில்லை. கையை விடுங்கோ என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை. போகும்போது, “கடிதம் எப்ப அண்ணை?” என்று மட்டும் கேட்டாள். முகத்தைத் துடைக்காமல் கேட்டாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு அந்த அருவருப்பு வந்தது. மனைவி இல்லாத வீட்டுக்குத் தனியாக வருகிற பெண். அப்படிப்பட்டவளுடைய பேச்சுக்கு என்ன பெறுமதி? அவளுக்காக என் முப்பது வருடப் பெயரை நான் ஏன் ஒரு தாளில் எழுதி அழிக்க வேண்டும்? கதிரை உறையைக் கழற்றித் தோய்க்கப் போட்டேன். கடிதம் எழுதவில்லை.

மேன்முறையீடும் தள்ளுபடியானது, யதுசனை ஊருக்கு அனுப்ப ஒரு காலையில் பொலிஸ்காரர் வந்து ஏற்றிப் போனார்கள். சரளா வாசலில் நின்று கத்தியதாகக் கேள்வி. ஊர் போய்ச் சேர்ந்து சில வாரத்தில் கடைக்கென்று வெளிக்கிட்டவன் இன்னும் திரும்பி வரவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவனை ஏற்றிய அதே கிழமைதான் ஆண்டு விழா. துஷானி வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். ஒரு வசனம் பிசகாமல் நடித்தாள். கடைசிக் காட்சியில் அரசன் திரும்பி வர, குற்றம் வெளிவந்து நான் தலைகுனிந்து நிற்பேன். அவள் என்னை மன்னிக்கச் சொல்லி அரசனிடம் முழங்காலில் இருந்து கேட்க வேண்டும். அவள் முழங்காலில் இருக்கவில்லை. சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

“இந்த மனிசன் என்ர தம்பி சொன்ன கதையை விழுங்கினவர். கடிதம் தாறன் எண்டு வீட்டுக்குக் கூப்பிட்டவர். நான் போனனான். கடிதம் வரேல்லை. தம்பியை ஏத்திப்போட்டாங்கள். இவரை மன்னிக்கச் சொல்லிக் கேக்க என்னால ஏலாது.”

பிறகு கைதட்டல், அப்படி ஒரு கைதட்டலை எங்கள் விழாவில் நான் கேட்டதில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உண்மை மாதிரியே இருந்தது அண்ணை என்று வரிசையில் நின்று கை கொடுத்தார்கள். எல்லோருக்கும் கை கொடுத்தேன்.

பிருந்தன் மட்டும் கை கொடுக்கவில்லை. அந்த வசனங்களை அவன் எழுதவில்லை என்பது அவனுக்குத்தானே தெரியும். அவனும் சரளாவும்தான் அவளை உங்களிடம் கூட்டிவந்திருப்பார்கள். கூட்டிவரட்டும். ஒழுங்கில்லாதவர்கள் ஒன்று சேர்வது புதிதல்ல.

ஆம், வேண்டுமென்றே செய்தேன். அவன் சொன்னதை விட்டேன், சொல்லாததைச் சேர்த்தேன், இரண்டையும் மறைத்து வாசித்தேன். கடிதம் தருவதாக அவளை வரவழைத்தேன், தரும் எண்ணம் அப்போதே எனக்கு இருக்கவில்லை. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் என்னை அந்த நாடகத்து ஆளோடு ஒப்பிடக் கூடாது. அவன் இச்சைக்கு அடிமைப்பட்டவன். நான் ஊரின் மானத்தைப் பார்த்தவன்.

இப்போது இதை எனக்குத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும் அல்லவா? இந்தப் பிள்ளையே வாசிக்கப் போகிறாரா? இல்லை, அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அவர் முகத்தைப் பாருங்கள், கொஞ்ச நேரமாகவே என்னைப் பார்க்கக் கூசுகிறார். கூசுகிறவர் எதை விடுவார், எதைச் சேர்ப்பார் என்று யாருக்குத் தெரியும்? வேறொருவரைக் கொண்டுவாருங்கள். ஒரு சொல் விடாமல் வாசிக்கட்டும், ஏனென்றால் இது ஒரு மனிதனின் வாழ்க்கை.