ரெண்டு மூக்கு

இராசதுரை: நீ முதல்ல சொல்லு.

அகீல்: இல்ல அண்ணன், நீங்க சொல்லுங்க. ராவு முழுக்க இந்த ஐஸ் பெக்டரியில கொம்பிரசரோட நிண்டது நீங்கதானே.

இராசதுரை: அதுதான் சொல்லுறன். ஒரே அறைக்குள்ள நிண்ட மூக்கு மரத்துப் போயிருக்கும். வெளியால இருந்து வாறவன்ர மூக்குத்தான் புதுசு.

அகீல்: புதுசா! கிண்ணியாவில இருந்து பஸ்ஸில கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில நிண்டு வாறன். என்ட மூக்கு இப்ப கருவாடு.

இராசதுரை: பகிடி விடாத. ஷிப்ட் மாறேக்க போறவனும் வாறவனும் மூக்கு வைக்கவேணும். ரெண்டு பேரும் 'சரி' எண்டு சொல்லவேணும். காஸ் அலாரம் பெட்டி பழுதான நாளில இருந்து அதுதானே முறை?

அகீல்: கொழும்பில இருந்து சாமான் வருமட்டும் எண்டாங்க. நோன்புப் பெருநாளும் போச்சு, ஹஜ்ஜுப் பெருநாளும் போச்சு...

இராசதுரை: வருமட்டும் எங்கட மூக்குத்தான் அலாரம். சொல்லன்.

அகீல்: நீங்க மணந்து பாத்தீங்களா?

இராசதுரை: பாத்தன்.

அகீல்: என்ன?

இராசதுரை: என்னெண்டால்... வழமை மாதிரித்தான்.

அகீல்: அப்ப எனக்கும் வழமைதான்.

இராசதுரை: சரி எண்டு வாயால சொல்லு.

அகீல்: சரி... பொறுங்க அண்ணன். இந்தப் பிரஷர் கேஜ் முள்ளு ஏன் இறங்கி நிக்குது?

இராசதுரை: எங்க?

அகீல்: இங்க. நேத்து நான் விட்டுட்டுப் போகக்குள்ள இந்தச் சிவப்புக் கோட்டடியில நிண்டது.

இராசதுரை: ...வெயில் ஏறேல்லையே இன்னும். விடியக் குளிருக்குக் கொஞ்சம் இறங்கும்.

அகீல்: இவ்வளவுக்கா? காஸ் எங்கயோ போகுது. அமோனியா அண்ணன், வெளையாட்டில்ல. சுவருக்கு அங்கால மீன் வெட்டுற பொம்புளையள் இரிக்காங்க. உங்கட மகளும் அங்கதானே.

இராசதுரை: என்ர பிள்ளை எங்க நிக்கிறாள் எண்டு எனக்குத் தெரியாதே? அதுதானே தொண்டை தண்ணி வத்தக் கேக்கிறன், வடிவா மணந்து பாத்துச் சொல்லு எண்டு!

அகீல்: சத்தம் போடாதீங்க. உங்களுக்குத்தான் சர்வீஸ் கூட. உங்கட மூக்குக்குத் தப்பாது எண்டு மனேஜரே சொல்லுவார்.

இராசதுரை: அந்த ஆள் ஆயிரம் சொல்லும். எங்களோட ஷிப்ட் செய்த பிரகலாதனை என்ன செய்தவர்? கொரோனா வந்து மணம் போச்சு எண்டு பெடியன் நேர்மையாச் சொன்னான்.

அகீல்: ஓம்... அடுத்த கிழமையே ஐஸ் கட்டி சுமக்க விட்டாங்க. இப்ப முதுகு போய் வீட்டில கிடக்கான், பாவம்.

இராசதுரை: ...உன்ர கண் ஏன் சிவந்திருக்கு?

அகீல்: பஸ்ஸில தூசி. உங்கட கண்ணும்தான்.

இராசதுரை: நித்திரை இல்லை.

அகீல்: அண்ணன், அண்ணன்! அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காதீங்க. பால் திரைஞ்சு கிடக்கு.

இராசதுரை: ஆ... ஓம். கவனிக்கேல்லை.

அகீல்: பாதி குடிச்சிட்டீங்களே! புளிச்ச மணம் தெரியல்லையா?

இராசதுரை: உனக்குத் தெரிஞ்சதோ?

அகீல்: நான்... கட்டி மிதக்கிறதைத்தான் கண்டன்.

பிரியா: அப்பா! அப்பா, கதவைத் திறங்கோ!

இராசதுரை: பிரியா? வேலையை விட்டிட்டு இஞ்ச என்ன...

பிரியா: நல்லம்மா அக்கா இருமி இருமிச் சத்தி எடுக்கிறா. எங்கள் எல்லாருக்கும் கண் எரியுது.

அகீல்: யா அல்லாஹ்!

பிரியா: முந்தநாள் தொடக்கம் மூத்திர மணம் அப்பா. கக்கூசுக்கு ஆரும் தண்ணி ஊத்தேல்லை எண்டு சண்டை கூடப் பிடிச்சம். நல்லம்மா அக்கா அப்பவே இது காஸ் எண்டவ. நான்தான் விடேல்லை. எங்கட அப்பா உள்ளுக்கு நிக்கிறார், காஸ் எண்டால் முதல் ஆளா ஓடி வந்து சொல்லுவார், பேசாமல் மீனை வெட்டுங்கோ எண்டு சொன்னனான். பொறுங்கோ, இஞ்சயும் மணக்குதே! உங்களுக்கு மணக்கேல்லையோ?

இராசதுரை: மணக்குது, மணக்குது.

அகீல்: ஓம், இப்ப நல்லா மணக்குது.

பிரியா: எந்தப் பக்கத்தால வருது?

இராசதுரை: காஸ் தாங்கிப் பக்கம்.

அகீல்: கொம்பிரசரால.

பிரியா: என்ன, ஆளுக்கொரு பக்கம் காட்டுறியள்? சுவருக்குள்ளால எங்கட பக்கம் போற இந்தக் குழாயடியில மூக்கைப் பிச்சுக்கொண்டு போகுதே!

இராசதுரை: அகீல், மாஸ்க்கைப் போடு! அந்தக் குழாய்ட வால்வை அடை! பிரியா, ஓடு. எல்லாரையும் வள்ளம் கட்டுற ஜெட்டிப் பக்கம் கொண்டு போ. காத்து கடலால வருது, ரோட்டுப் பக்கம் ஒருத்தரையும் விடாத, காஸும் அங்கதான் போகும்.

பிரியா: அப்ப நீங்கள்?

இராசதுரை: ஓடு எண்டுறன்!

அகீல்: இறுகிக் கிடக்கு அண்ணன்... நீங்களும் பிடியுங்க...

இராசதுரை: திருப்பு... விடாத, விடாத...

அகீல்: இன்னும் கொஞ்சம்... ஆ! அடைஞ்சிட்டு. கொம்பிரசரையும் நிப்பாட்டிட்டன். வெளியால வாங்க, வாசலுக்கு வாங்க.

இராசதுரை: பிரியா! பிரியா, எங்க நிக்கிறாய்?

பிரியா: இந்தா வந்திட்டன். எல்லாரும் ஜெட்டியில. நல்லம்மா அக்காவை ஓட்டோவில ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டிட்டம். கதைக்கிறா, பயமில்லை.

இராசதுரை: நீ?

பிரியா: எனக்கு ஒண்டுமில்லை.

இராசதுரை: பிள்ளை, கதவடியில நிண்டு ஒருக்கா மணந்து பார். இன்னும் வருதோ?

பிரியா: நானோ? நீங்கள் ரெண்டு பேர் நிக்கேக்க...

இராசதுரை: பார் எண்டுறன்.

பிரியா: ...குறைஞ்சிட்டு. அந்தா, மனேஜரின்ர வான் வருது. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்.

இராசதுரை: அகீல்.

அகீல்: என்ன அண்ணன்.

இராசதுரை: எனக்கு மணம் இல்லை. கொரோனா வந்து மாறினதில இருந்து ஒண்டுமே இல்லை. பிரகலாதனுக்கு நடந்ததைப் பாத்து மறைச்சுப் போட்டன். இண்டைக்கு மனேஜரிட்டச் சொல்லத்தான் போறன். என்ர பிள்ளையை நானே கொல்லப் பாத்தனான். நீ இருக்கிறாய் எண்ட தைரியம்தான். ஒவ்வொரு நாளும் உன்ர முகத்தைப் பாத்துத்தான் 'சரி' எண்டு சொன்னனான். நீ முகம் சுழிக்கேல்லை எண்டால் எனக்கும் சரி...

அகீல்: அண்ணன்... நான் உங்கட முகத்தப் பாத்துத்தானே சொன்னன்.