மேகம் விலகிய நேரம்

இந்த அறையில் ஹீட்டரைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்திருக்கிறீர்கள் சார். குறை சொல்லவில்லை. வெளிக்குளிரில் கிடந்த கேமராவை இப்படி ஒரு அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸ் வேர்த்துவிடும். துடைக்கத் துடைக்க வேர்க்கும். எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு அது. மலைமேல் நான் கேமராவைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே மாட்டேன். "அண்ணியக்கூட இப்படிப் பாத்துக்க மாட்டே நீ" என்று தம்பி கிண்டலடிப்பான்.

அவனுக்கு முன்வழுக்கை விழுந்துவிட்டது. இருந்தாலும் வீட்டில் எல்லாருக்கும் சின்னவன்தான். பைக் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தான். நான் மலைக்குக் கிளம்பினால் ஷெட்டைப் பூட்டிவிட்டு கேமரா முக்காலியைத் தூக்க வந்துவிடுவான். மலைமேல் அவனுக்கு ஒரு ஆசையும் கிடையாது. வாய் மட்டும் ஓயாது. "பாறை, பனி, மறுபடியும் பாறை. இதுக்காண்ணா இவ்ளோ தூரம்?" என்பான்.

நான் தேடிப் போன சிகரம் பல வருஷமாக எனக்கு முகம் காட்டவில்லை. எப்போது போனாலும் மேகம். புயல் ஓய்கிறபோது சில நேரம் மேகமெல்லாம் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடும். மேலே மலை மட்டும் நிற்கும். கொஞ்ச நேரம்தான். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் புயலுக்கு முன்பே மேலே போய்க் காத்துக்கிடக்க வேண்டும். மற்றவர்கள் இறங்குகிறபோது நாங்கள் ஏறுவோம்.

இந்தத் தடவை கூடாரம் போட்ட கையோடு சின்னவன் உறைபனியில் வழுக்கி விழுந்தான். முக்காலியை விட்டிருந்தால் கையை ஊன்றியிருக்கலாம். அவன் விடவில்லை. தொடை எலும்பு முறிந்துவிட்டது. நான்தான் அவனை உள்ளே இழுத்து வந்தேன். கட்டை வைத்துக் கட்டினேன். என் கம்பளியையும் அவனுக்கே போர்த்தினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாக்கி டாக்கியில் மீட்புக்குழுக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். "இந்த மேகத்துல ஹெலிகாப்டர் வர முடியாதுங்க. விலகினதும் கிளம்பிடுவோம். கூடாரத்தைப் பனி மூடியிருக்கும், மேலேருந்து எங்களுக்குத் தெரியாது. சத்தம் கேட்டதும் புகை போடுங்க." ஆரஞ்சு நிறப் புகை வருமே, அந்தக் குப்பி. எங்களிடம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு வாக்கி டாக்கி குளிரில் செத்துவிட்டது. கேமரா பேட்டரிகளைச் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தேன். இதையும் அப்படி வைக்கத் தோன்றவில்லை.

புயல் விடவில்லை. சின்னவன் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். கசக்கினால் சூடாகிற சின்னப் பைகள் இருக்கும், கையுறைக்குள் வைத்துக்கொள்ள. அவனுக்குக் கடைசி இரண்டையும் வைத்திருந்தேன். விடிந்ததும் காற்று சட்டென்று நின்றது. வெளியே வந்து பார்த்தால் லென்ஸ்மேல் பனி பூத்திருந்தது. சூடு காட்டாமல் அது போகாது. உள்ளே போய் அவன் கையுறையிலிருந்து அந்தப் பைகளை எடுத்து வந்து லென்ஸைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். "கை சில்லுன்னு இருக்குண்ணா" என்றான். "இதோ வந்துடறேன்டா" என்றேன்.

மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மலை மொத்தமாக வெளியே வந்தது. ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் கருநீலம். அதை ஒரே படத்தில் அடக்க முடியாது. இடமிருந்து வலமாக வரிசையாக எடுத்து, பிறகு ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். நடுவில் எதுவும் மாறக்கூடாது. பாதி எடுத்திருப்பேன், ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.

குப்பி என் காலடியில்தான் இருந்தது. காற்று இருந்திருந்தால் புகையை அடித்துக்கொண்டு போயிருக்கும். துளிக்கூட இல்லை. போட்டால் அந்த ஆரஞ்சு அப்படியே பள்ளத்தாக்கில் தங்கிவிடும். இந்த வரிசை முடியட்டும், அவர்கள் இன்னொரு சுற்று வருவார்கள், அப்போது போடலாம் என்று நினைத்தேன். நியாயமான கணக்குதான். அவர்கள் இன்னொரு சுற்று வரவும் செய்தார்கள். எனக்கு வலப்பக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

முடித்து நிமிர்ந்தபோது மேகம் மேலே ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. சத்தம் தூரமாகப் போய் நின்றது. பிறகு அவர்கள் கீழிருந்து நடந்தே ஏறி வந்து சேர்வதற்குள் சின்னவன் போய்விட்டான். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி இருக்கிறது.

குப்பி நனைந்துவிட்டது, பற்றவில்லை என்று முன்பு உங்களிடம் சொன்னது பொய். நீங்கள் அதை வெளியே வைத்துக் கொளுத்திக் காட்டியபோது நன்றாகவே புகைந்தது. மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஹெலிகாப்டர் தலைக்குமேல் சுற்றியபோது கூடாரத்துக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "அண்ணா, சத்தம் கேக்குது. வந்துட்டாங்களா?"

கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன். "காத்துடா அது. தூங்கு."

"சரிண்ணா" என்றான்.

அவனிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் சார். மற்றபடி சின்ன வயசிலிருந்து அவனுக்கு நான் ஒரு குறை வைத்ததில்லை. எங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், சொல்வாள்.