குருவி மெயிலை நிறுத்து

அத்தை: பாத்தியா, பேசிட்டிருக்கும்போதே இன்னொண்ணு வந்து விழுது. உங்க கம்பெனிக்கு இதை விட்டா வேற வேலையே இல்லையா?

மருமகள்: என்னைக் கேட்டா? நான் கணக்குப் பிரிவுல இருக்கேன் அத்தை. மெயில் அனுப்புறவங்க வேற ஆளுங்க.

அத்தை: ஆமாமா, நீ கணக்குப் பிரிவு. மறந்துட்டேன்.

மருமகள்: என்ன சிரிப்பு?

அத்தை: சிரிக்கலையே. வாயில குண்டூசி வச்சிருக்கேன்.

மருமகள்: அதை எடுத்துட்டுப் பேசுங்க. பாக்கவே பயமா இருக்கு.

அத்தை: பயமா? எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. ஸ்கூல்லேருந்து யூனிஃபார்ம் அளவெல்லாம் அனுப்பியிருக்காங்க. பணம் கட்டுற உங்க ஆப்புலேருந்து வர்ற குருவிப் படம் போட்ட குப்பைக்கு அடியில அது கெடந்திருக்கு. நான் பாக்கவே இல்ல. டீச்சரம்மா ஃபோன் பண்ணலைன்னா, தைக்கிற வேலை வேற டெய்லருக்குப் போயிருக்கும்.

மருமகள்: சரின்னு பதில் போட்டாச்சா?

அத்தை: போட்டாச்சு. அடுத்த தடவையும் அவங்க ஃபோன் பண்ணுவாங்கன்னு என்ன நிச்சயம்? இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டியாகணும். நீயும் வீட்லதான் இருக்கே... இன்னைக்கும் லீவா?

மருமகள்: இல்ல... வீட்லேருந்து வேலை.

அத்தை: லேப்டாப்பைக் காணோமே?

மருமகள்: ரிப்பேர்னு ஆபீஸ்ல வாங்கி வச்சிருக்காங்க. ஃபோனைக் குடுங்க, நான் பாக்கறேன்.

அத்தை: நானே கண்டுபிடிச்சிட்டேன். அடியில பொடி எழுத்துல 'இனி மெயில் வேண்டாம் என்றால் இங்கே அழுத்தவும்'னு போட்டிருக்கான். அழுத்தினா...

மருமகள்: அத்தை, கையை எடுங்க! அழுத்திட்டீங்களா?

அத்தை: எதுக்கு இப்படிக் கத்துறே, கத்திரிக்கோல் கால்ல விழப் பாத்துச்சு. அழுத்தினேன். பாஸ்வேர்டைப் போடுன்னு வந்து நிக்குது.

மருமகள்: போட்டீங்களா?

அத்தை: பாஸ்வேர்ட் எழுதி வச்ச நோட்டைத்தான் தேடிட்டிருக்கேன்.

மருமகள்: அது கிடைக்காமலே இருக்கட்டும். இப்படிக் குடுங்க... முதல்ல இந்தப் பக்கத்தை மூடுறேன். ஐயோ, அத்தை... இது எங்க கம்பெனி மெயிலே இல்ல.

அத்தை: குருவி இருக்கே?

மருமகள்: படத்தைத் திருடி ஒட்டியிருக்கான். அனுப்பினவன் பேர் மேல ஒரு தட்டு தட்டினா முழு முகவரியும் வரும். பாருங்க, குருவிங்கிற பேருக்குப் பின்னாடி ஏதேதோ எழுத்தா நீளமா ஒரு வால். எங்க மெயில்ல இப்படி இருக்காது.

அத்தை: வேண்டாம்னு சொல்ல வர்றவகிட்டயேவா திருடுவான்?

மருமகள்: எரிச்சல்ல இருக்கிறவங்கதான் யோசிக்காம அழுத்துவாங்க. பாஸ்வேர்ட் மட்டும் போயிருந்தா கடைப் பணம் மொத்தமும் போயிருக்கும். மெயில்லேருந்து போற இடத்துல பாஸ்வேர்ட் கேட்டா, ஓடிபி கேட்டா, களவாணின்னு நினைச்சுக்கிட்டு வெளிய வந்துடுங்க.

அத்தை: சரி, வந்தாச்சு. இவனை என்ன பண்றது?

மருமகள்: இவன்கிட்ட நிறுத்துன்னு கேக்கவே கூடாது. கேட்டா, இங்க படிக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு இன்னும் நாலு அனுப்புவான். ஸ்பேம்னு அழுத்தித் தள்ளிடணும்... தள்ளியாச்சு. அவ்வளவுதான்.

அத்தை: அவ்வளவுதானா? நெஜக் குருவி?

மருமகள்: அதுவுமா?

அத்தை: அதுதான் முக்கியம். ஊசில நூல் கோக்கறதுக்குள்ள முடிச்சிடு. எனக்குப் பொத்தான் வேலை அப்படியே கெடக்கு.

மருமகள்: இத்தனை நாள் வந்தப்பல்லாம் சும்மாதானே இருந்தீங்க?

அத்தை: இப்ப சும்மா இருக்க முடியல. இல்ல, ஒண்ணு பண்ணேன்... ஆபீசுக்கு ஃபோனைப் போட்டு, எங்க மாமியாருக்கு அனுப்பாதீங்கன்னு சொல்லிடேன்.

மருமகள்: இப்ப வேண்டாம்... மீட்டிங்ல இருப்பாங்க.

அத்தை: பொழுதன்னைக்கும் மீட்டிங்தானா?

மருமகள்: ஆளை விடுங்க அத்தை, நானே நிறுத்திடறேன். மெயில்ல இருக்கிற எதையும் தொடாம நேரா குருவி ஆப்பைத் திறக்கணும். செட்டிங்ஸ்... அறிவிப்புகள்... மெயில். இந்தாங்க, ரெண்டு பொத்தான் இருக்கு.

அத்தை: ரெண்டையும் அணைச்சிடு.

மருமகள்: எல்லாத்துலயும் அவசரம். மேல இருக்கிறது பணம் வந்தா, போனா சொல்றது. அதை அணைச்சிட்டா, நாளைக்கு எவனாவது எடுத்தாக்கூட உங்களுக்குத் தெரியாது. அது இருக்கட்டும். விளம்பரம் கீழ இருக்கிறது.

அத்தை: அப்ப அதை அணை.

மருமகள்: நல்லா யோசிச்சுக்குங்க... சலுகை ஏதாவது வந்தா தெரியாமப் போயிடும்.

அத்தை: நீ என்ன, கம்பெனிக்கு வக்கீலா? இப்ப வர்றதைப் படிச்சுப் பாத்தியா நீ? 'அன்பார்ந்த பயனரே, அதிரடி அதிரடி, முந்துங்கள்!' ஏலம் போடுறவன் மாதிரி காதுக்குள்ள கத்துறான்.

மருமகள்: முன்னாடி வந்தது மட்டும் என்னவாம்? எவளோ வேலையத்தவ உக்காந்து எழுதுறான்னு டீ குடிக்கும்போதெல்லாம் திட்டுவீங்களே.

அத்தை: திட்டுவேன். முழுசாப் படிச்சிட்டுத்தானே திட்டுவேன்? 'கரண்ட் பில் கட்டியாச்சா? ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் கட்டிவிடலாம். மிச்ச நேரத்தில் டீயைச் சூடாகக் குடியுங்கள்.'

மருமகள்: ...மனப்பாடமா சொல்றீங்க.

அத்தை: நட்சத்திரம் போட்டு வச்சிருக்கேன். பொத்தான் இல்லாத சட்டையும் ரீசார்ஜ் பண்ணாத ஃபோனும் வெளிய கெளம்பும்போதுதான் கண்ணுல படும்னு ஒண்ணு. அதுவும் இருக்கு. ஏம்மா, நான் இந்த மெஷின்ல உக்காந்து பேசுற பேச்சு உங்க கம்பெனி மெயில்ல எப்படி வரும்?

மருமகள்: அத்தை...

அத்தை: கணக்குப் பிரிவாம்.

மருமகள்: எப்பலேருந்து தெரியும்?

அத்தை: அந்த நூல் மெயில் வந்த அன்னைக்கே.

மருமகள்: தெரிஞ்சுக்கிட்டா அத்தனை திட்டு திட்டினீங்க?

அத்தை: திட்டினாத்தான் மறுநாள் இன்னும் நல்லா எழுதினே.

மருமகள்: வேலைக்குச் சேந்தப்பவே சொல்லியிருப்பேன். நீங்க அன்னைக்குன்னு பாத்து கம்பெனி மெயில் ஒண்ணைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினீங்க. வாயில வந்த பிரிவைச் சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்தறது?

அத்தை: அது கெடக்கட்டும். நீ பொத்தானை அணை.

மருமகள்: என் மெயில்னு தெரிஞ்சும் நிறுத்தச் சொல்றீங்களே... அவ்வளவு எரிச்சலா அத்தை?

அத்தை: உன் மெயிலா இருந்த வரைக்கும், ஸ்கூல் மெயில் முங்கினாலும் முங்கட்டும்னுதான் வச்சிருந்தேன். இப்ப வர்றது உன் எழுத்து இல்லையேம்மா. வேலை போனதை நீயா சொல்லுவேன்னு நானும் தினம் உன் மூஞ்சியைப் பாத்துட்டிருக்கேன்... உன்னை வேண்டாம்னு அனுப்பினவங்க மெயில் எனக்கு எதுக்கு? அணை.