மூடி தொங்குது

கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். இது என் நண்பனுடைய மாமாவுக்கு நடந்தது.

விடியாத நாலு மணி... விமானத் திடலுக்குப் போகும் ஒற்றைச் சாலை. காரில் மாமா மட்டும். சின்ன விமானம் ஓட்டுகிறவர். அவருடைய சகலைக்கும் அதே திடலில் அதே வேலைதான். ஆனால் மாமனார் வீட்டில் எப்போதும் சின்ன மாப்பிள்ளை புராணம். கேட்கக் கேட்க மாமாவுக்கு வயிறு எரியும்.

அதற்குக் கொஞ்ச காலம் முன்னால் ஒரு நாள், சகலையின் விமானம் நகரும்போது, இறக்கை மேல் பெட்ரோல் மூடி சங்கிலியில் தொங்கியது. மாமா பார்த்துவிட்டார். மூடி திறந்திருந்தால், பறக்கும்போது காற்றே பெட்ரோலை உறிஞ்சி வெளியே கொட்டிவிடும். உள்ளே பெட்ரோல் அளவு காட்டும் முள்ளோ கடைசிவரை 'நிறைய இருக்கு' என்று பொய் சொல்லும். அதனால்தான் இவர்கள் முள்ளை நம்பமாட்டார்கள். ஏறி, குச்சி விட்டுப் பார்த்து, மூடியைத் தன் கையால் திருகுவார்கள். சகலை அன்று மறந்துவிட்டான்.

மாமா வாயைத் திறக்கவில்லை. எங்காவது வயலில் இறங்கி அசடு வழியட்டும், அவ்வளவுதான் நினைத்தார். சகலை மின்கம்பியில் விழுந்து... கரிக்கட்டையாகத்தான் வந்தான்.

அவன் ஓட்டிய வான்வழி இப்போது மாமாவுக்கு. அந்த நாலு மணிப் பயணம்தான் முதல் தடவை. குச்சி விட்டார், நிறைய இருந்தது. மூடியைத் திருகிவிட்டு இறங்கி உள்ளே உட்கார்ந்தார். குப்பென்று பெட்ரோல் வாடை... தலைக்கு மேலே டக்... டக்... சங்கிலிச் சத்தம். அப்புறம் காதோரம்,

"அண்ணே... உங்க மூடி தொங்குது."

சகலையின் குரல். கோபமே இல்லை. அக்கறை... அதுதான் மாமாவைச் சுட்டது. செத்த பிறகும் நல்ல பேர் இவனுக்குத்தானா?

"எனக்கு நீ சொல்லித் தர்றியா? போடா!"

ஏறிப் பார்க்கவில்லை. கிளம்பிவிட்டார்.

மலை தாண்டும்வரை முள் அசையவில்லை. இன்ஜின் ஒரு தடவை செருமியது... நின்றது.

உழுத நிலத்தில் மோதி, இடுப்பு போய், உயிர் மட்டும் தப்பியது. ஓடி வந்தவர்களிடம் "மூடி... மூடியப் பாருங்க..." என்றே புலம்பினாராம். பார்த்தார்கள். டேங்க் காய்ந்து கிடந்தது. மூடியோ இறுகிப் போயிருந்தது, குறடு போட்டுத்தான் திருக முடிந்தது.

அந்த விமானத்தில் ஒரு பொறி தீகூடப் பிடிக்கவில்லை, கேட்டீர்களா...

மூடி முழுக்கக் கரி.