வெள்ளைத் துண்டுகள் எங்கே போயின?

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! மேடைக்கு மெருகேற்றும் மூத்தோரே! முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட என் தாய்மாரே! நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராக நிற்கும் தோழர்களே! துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இது புது அரங்கம். உங்கள் காலடியில் கிடப்பது நேற்று ஒட்டிய புதுக் கம்பளம். திறப்பு விழாவில் ஒரு குறை என்று பின்னால் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. "மேடையில இருக்கறவங்களுக்கு ஒரு துண்டுகூடப் போர்த்தலையே!" ஆம், போர்த்தவில்லை. ஏன் போர்த்தவில்லை? சொல்கிறேன்.

இன்று காலை, இதோ இந்த மேடைக்கு முன்னால், பால் நிறக் கம்பளத்தின்மேல் ஒரு குவளை காப்பி கவிழ்ந்தது. கவிழ்த்தது யார் என்கிறீர்களா? தம்பி, உட்காருங்கள். தலைவர் ஏற்கெனவே தலைகுனிந்திருக்கிறார். இன்னும் குனிந்தால் மேசையில் இடித்துக்கொள்வார்.

அரங்கப் பொறுப்பாளர் ஓடிவந்தார். இந்த அரங்கின் பராமரிப்பை எங்கள் பெண்கள் குழு இப்போதுதான் ஏற்றிருக்கிறது. "சாயங்காலத்துக்குள்ள கறை போகலைன்னா, நாளையிலேருந்து வேற ஆளுங்கதான்" என்றார். ஒரே ஒரு கறை, அதில் எங்கள் பெண்கள் அத்தனை பேரின் பிழைப்பும் சிக்கிக்கொண்டது.

முதலில் பொங்கி எழுந்தவர் என் அண்ணன். குழாய் வேலை செய்பவர். ஒரு கையில் வெந்நீர் வாளி, மறு கையில் கம்பி பிரஷ்! படை திரட்டி வந்த தளபதியைக் குறுக்கே நின்று மறித்தார் என் அண்ணி, பெண்கள் குழுவின் தலைவி.

"ஏங்க, கைய எடுங்க! தேய்ச்சா கறை போகாது, கம்பளந்தான் போகும். வெந்நீர் பட்டா காப்பியில இருக்கற பால் இறுகிப் பிடிச்சுக்கும். அடியில பசை வேற இன்னும் சரியா காயல."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஒத்தி எடுக்கணும். வெள்ளைப் பருத்தித் துணி வேணும். சாயத் துணி அது நிறத்தையும் சேத்துக் குடுத்துரும்."

வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? விருந்தினருக்குப் போர்த்த மடித்து வைத்திருந்த துண்டுகள் அண்ணியின் கண்ணில் பட்டன. "அண்ணி, அது மரியாதைக்கு வெச்சது" என்றேன்.

"நம்ம மரியாதை தரையில கெடக்கு தம்பி. எடுத்துட்டு வாங்க!"

எடுத்தேன்! எங்கள் பெண்கள் ஒற்றினார்கள்! குளிர்ந்த நீரில் துளி சோப்புக் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றினார்கள். நடுவில் தொடங்கினால் கறை ஊர் சுற்றக் கிளம்பிவிடும். பின்பு வெறும் நீரால் ஒற்றினார்கள், உலர்ந்த துணியால் ஒற்றினார்கள். பொறுமை போயிற்றா? இல்லை! கை சோர்ந்ததா? இல்லை! அடியில் தங்கிய ஈரம் மேலே ஏறினால் கறையும் கூடவே ஏறும். அதனால் மடித்த துண்டை வைத்து அதன்மேல் கனம் ஏற்ற வேண்டும். அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏங்க, இதும்மேல ஏறி நில்லுங்க. கல்யாணம் ஆனதுலேருந்து இன்னைக்குத்தான் உங்க கனத்துக்கு ஒரு வேலை கெடச்சிருக்கு!"

சிரிக்காதீர்கள் தாய்மாரே! அண்ணன் மதியச் சாப்பாட்டையும் நின்றபடியே சாப்பிட்டார்.

பொறுப்பாளர் வந்தார், குனிந்தார், மண்டியிட்டார். "எந்த எடத்துல கொட்டுச்சு?" என்று எங்களையே கேட்டார்! நீங்களும் தேடுங்கள். எங்கள் பெண்கள் நாளையும் வருவார்கள், நாளை மறுநாளும் வருவார்கள்! அடக்கமாகப் பேசு என்று தலைவர் சைகை காட்டுகிறார். இன்று முடியாது ஐயா, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது!

கம்பளத்தை விட்ட கறை எங்கே போயிற்று? இதோ, என் கையிலுள்ள இந்தத் துண்டில் இருக்கிறது. துவைக்க விடாமல் நான்தான் எடுத்துவைத்தேன். தலைவர் அவர்களே, இன்று இந்த மேடையில் போர்த்தப்போகும் ஒரே துண்டு இதுதான். காப்பி கவிழ்த்த கையாலேயே இதை என் அண்ணிக்குப் போர்த்துங்கள்!

வாங்க அண்ணி. என்ன சொல்கிறார்? "செருப்பக் கழட்டிட்டு வரேன் தம்பி, புதுக் கம்பளம்!" என்கிறார். வேண்டாம் அண்ணி. இன்று செருப்போடே நிமிர்ந்து நடந்து வாருங்கள். அழுக்குப் பட்டால் எடுக்க நம்மிடம் ஆள் இருக்கிறது!

கேட்ட காதுகளுக்கு நன்றி. அண்ணிக்காகத் தட்டப்போகும் கைகளுக்கு என் வணக்கம்!