இரண்டாவது ஃபைனல்

டீ நன்றாக இருக்கிறது சார். நீங்களும் குடியுங்கள். மறைக்க ஒன்றுமில்லை, எனக்கு அவசரமும் இல்லை.

முன்பெல்லாம் எங்கள் மம்சாபுரம் கபடிப் போட்டியில் ஒரு மேட்ச் தோற்றாலே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். விடியுமுன் பஸ் ஏறி வந்தவர்கள் பத்து மணிக்கே ஊர் திரும்புவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். நான் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். போட்டியை நடத்தும் பொறுப்பு என் கைக்கு வந்ததும் விதியை மாற்றினேன். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. ஊரே மெச்சியது.

சேத்தூர் டீம் முதல் நாளே, என் மகன் பாலகணேஷ் கேப்டனாக இருக்கும் மம்சாபுரம் டீமிடம் தோற்றது. அப்புறம் ஒரு முறை தோற்ற டீம்களுக்குள் நடந்த ஆட்டங்களில் எல்லோரையும் அடித்துப்போட்டு ஃபைனலுக்கு வந்துவிட்டது. எல்லாம் இசக்கிமுத்துவால்தான். ராஜபாளையத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். ஃபைனல் அன்று காலையிலிருந்து வெயிலில் ஆடிக்கொண்டே இருந்தான். எங்கள் பையன்கள் ஒன்றிலும் தோற்காததால் நேராக ஃபைனல்தான்; பந்தல் நிழலில் படுத்திருந்தார்கள். அப்படியும் ஃபைனலில் சேத்தூர் ஜெயித்தது.

கோப்பையைக் கேட்டார்கள். எப்படிக் கொடுப்பது? மம்சாபுரத்துக்கும் அது முதல் தோல்விதானே. உடனே இன்னொரு ஃபைனல் என்றேன். ஜெயிக்கிற கேப்டனுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்று வேலை தருவதாக இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இசக்கிமுத்து தள்ளாடிக்கொண்டே வந்தான். "மாஸ்டர், கண்ணு இருட்டிக்கிட்டு வருது. சாயங்காலமா வச்சுக்கிடுவோமா?"

"ஏலே, நீ எறங்கலைன்னா உங்க டீம் தோத்ததா எழுதிருவேன்."

முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ் ஷெரின் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சார், உடம்பு கொதிக்குது. ஒரு சொட்டு வேர்வை இல்ல. ஆட விடாதீங்க."

நீ போய்ச் சாப்பிட்டு வா தாயி என்று அனுப்பிவைத்தேன். பிறகு பாலகணேஷ் வந்தான். "அப்பா, கோப்பைய அவியளுக்கே குடுத்துருங்க" என்றான். யாருக்காக இவ்வளவு பாடுபடுகிறேன் என்றுகூடப் புரியாத பிள்ளை. எரிச்சலாக வந்தது.

வெயிலில் வியர்வை நின்றுபோனால் என்ன அர்த்தம் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவன் விழுவான் என்று தெரிந்துதான் இறக்கினேன். எழுந்திருக்க மாட்டான் என்பதும் ஓரளவு தெரியும்.

எங்கள் பக்கம் பாடி வந்தவன், பாதியில் குரல் நின்று குப்புற விழுந்தான். பாட்டு நின்றால் அவுட். நடுவரும் நான்தான்; விசில் ஊதி மம்சாபுரத்துக்கு ஒரு புள்ளி கொடுத்தேன். பாலகணேஷ்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. சேத்தூர்க்காரர்கள் யாரும் திரும்ப ஆட வரவில்லை. ஆகவே கோப்பை மம்சாபுரத்துக்கு என்று மைக்கில் அறிவித்தேன்.

புகார் கொடுத்ததே பாலகணேஷ்தான் என்கிறீர்கள். எங்கப்பாதான் கொன்றார் என்று சொன்னானாக்கும். இளரத்தம், கோபத்தில் சொல்லியிருப்பான். அவனைக் கூப்பிட்டு இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள் சார்.